ஐந்து யூனிட்டா, ஐம்பது யூனிட்டா? கலவை எடைக்குறைப்பு ஊசிகளின் கதை

அமெரிக்காவில் உடல் எடையைக் குறைக்க வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசி மருந்து இரண்டு வடிவில் புழங்குகிறது. ஒன்று, மருந்து நிறுவனம் தயாரித்து, அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. ஆராய்ந்து ஒப்புதல் அளித்த பேனா ஊசி. வெகோவி, ஸெப்பவுண்ட் என்ற பெயர்களில் வருவது இதுதான். மற்றது, அதே மருந்துப்பொருளைத் தூளாக வாங்கி, ஒரு மருந்தகம் தானே கரைத்து, குப்பியில் அடைத்து, நோயாளியின் பெயர் எழுதிய சீட்டை ஒட்டிக் கூரியரில் அனுப்பும் கலவை மருந்து. இரண்டாவது வகைக்கு எஃப்.டி.ஏ. ஒப்புதல் கிடையாது. ஆனாலும் 2022-க்கும் 2025-க்கும் இடையில் அதை விற்பது சட்டப்படி செல்லும் காரியமாகவே இருந்தது. லட்சக்கணக்கானோர் அதைப் போட்டுக்கொண்டார்கள், பலருக்கு எடையும் குறைந்தது. சிலர் மருத்துவமனைக்குப் போனார்கள். போனவர்களில் கணிசமானோருக்கு நேர்ந்தது மருந்தின் கோளாறு அல்ல, சிரிஞ்சில் கோட்டைத் தவறாக எண்ணியது.

இரண்டு வடிவிலும் மருந்துப்பொருள் ஒன்றுதான். சாப்பிட்டதும் குடலில் சுரக்கும் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கிறது, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது, வயிறு நிறைந்துவிட்டதென்று மூளைக்குத் தெரிவிக்கிறது. உடம்பில் இயல்பாகச் சுரப்பது சில நிமிடங்களில் சிதைந்துவிடும். வெகோவியில் உள்ள செமாக்ளூடைட் அதே வேலையைச் செய்யும்படி கட்டப்பட்ட 31 அமினோ அமிலங்களின் சங்கிலி. அதில் ஒரு கொழுப்பமிலம் கோக்கப்பட்டிருப்பதால் ரத்தத்திலுள்ள அல்புமினோடு ஒட்டிக்கொண்டு நாள்கணக்கில் தங்குகிறது. போட்ட மருந்தில் பாதி உடம்பிலிருந்து வெளியேற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். வாரம் ஒரே ஒரு ஊசி போதும் என்பதற்கு இதுதான் காரணம். அளவு கூடிப்போனால் அவஸ்தை லேசில் தீராது என்பதற்கும் இதுவே காரணம்.

டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க் நிறுவனம் செமாக்ளூடைடை நீரிழிவுக்கு ஓஸெம்பிக் என்ற பெயரில் 2017-லும், எடைக்கு வெகோவி என்ற பெயரில் 2021-லும் அமெரிக்கச் சந்தைக்கு ஒப்புதல் வாங்கியது. எலி லில்லியின் டிர்ஸெபடைட் ஜி.ஐ.பி. என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்வது. அது நீரிழிவுக்கு மௌஞ்சாரோ என்று 2022-லும், எடைக்கு ஸெப்பவுண்ட் என்று 2023-லும் வந்தது. பலன் சாமானியமானதல்ல. 1,961 பேரை 68 வாரம் கவனித்த செமாக்ளூடைட் ஆய்வில் சராசரி எடை இழப்பு 14.9 சதவீதம். வெறும் ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். எடைக்குறைப்புக்கென்று அதற்குமுன் வந்த மாத்திரைகள் எதுவும் இந்த அளவை எட்டியதில்லை.

அந்தப் பலனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. மருந்தைப் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும். வெகோவியின் அட்டவணை முதல் நான்கு வாரம் 0.25 மில்லிகிராம், அடுத்த நான்கு வாரம் 0.5, பிறகு 1, பிறகு 1.7 என்று நகர்ந்து, 17-ஆவது வாரத்தில்தான் முழு அளவான 2.4-க்கு வருகிறது. வயிறும் குடலும் பழகுவதற்கான அவகாசம் அது. அவசரப்பட்டால் குமட்டல், வாந்தி, பேதி, மலச்சிக்கல், அதன் பின்னால் நீரிழப்பு. அரிதாகக் கணைய அழற்சியும் பித்தப்பைக் கல்லும் வரலாம். எலிகளில் தைராய்டு கட்டி உண்டானதால், மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் தமக்கோ குடும்பத்தாருக்கோ இருந்தவர்கள் தொடக்கூடாது என்று மருந்துக் குறிப்பிலேயே கட்டம் கட்டி அச்சிட்டிருக்கிறார்கள். கர்ப்பம் தரிக்க நினைப்பவர்கள் செமாக்ளூடைடை இரண்டு மாதம் முன்னதாகவே நிறுத்திவிட வேண்டும். டிர்ஸெபடைட் கருத்தடை மாத்திரையின் வேலையைக் குறைக்கக்கூடும் என்பதால், ஆரம்பித்த நான்கு வாரமும், அளவைக் கூட்டும் ஒவ்வொரு முறையும் நான்கு வாரமும் வேறு தடுப்பு வேண்டும். இதெல்லாம் ஒப்புதல் பெற்ற பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் உண்டு. கலவைக் குப்பியோடு அந்தத் தாள் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

தட்டுப்பாடு திறந்த கதவு

மருந்தகமே மருந்து கலந்து தருவது புதிதல்ல. டாக்டர் சீட்டைப் பார்த்துக் கம்பவுண்டர் மிக்சர் கலந்து, பாட்டிலின் பக்கவாட்டில் வேளைக்கு ஒரு வெட்டு வெட்டிய காகிதத்தை ஒட்டித் தந்த காலம் தமிழ்நாட்டிலும் இருந்தது. மாத்திரை விழுங்க முடியாத குழந்தைக்கு அதே மருந்தைத் திரவமாக்குவது, ஒரு நிறமியோ பசையோ ஒத்துக்கொள்ளாதவருக்கு அது இல்லாமல் தயாரிப்பது போன்ற தேவைகள் எந்தக் காலத்திலும் இருக்கும். அமெரிக்கச் சட்டம் இதை இரண்டாகப் பிரிக்கிறது. 503ஏ என்ற பிரிவின்கீழ் வருபவை அந்தந்த மாநிலத்தின் உரிமம் பெற்ற மருந்தகங்கள். குறிப்பிட்ட நோயாளியின் சீட்டுக்கு மட்டும் கலக்கலாம். பெரிய ஆலைகளுக்குரிய தர விதிகள் இவற்றுக்கு இல்லை. பக்கவிளைவுகளை எஃப்.டி.ஏ.வுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. 503பி என்பது மொத்தமாகத் தயாரித்து மருத்துவமனைகளுக்கு அனுப்பும் நிலையங்களுக்கானது. இவை எஃப்.டி.ஏ.விடம் பதிவு செய்து, ஆலை விதிகளுக்குக் கட்டுப்பட்டு, சோதனைக்கு உட்பட வேண்டும். தீவிரமான பக்கவிளைவுகளைத் தெரிவிக்கவும் வேண்டும்.

இரண்டாவது பிரிவு பிறந்ததற்குப் பின்னால் ஒரு பெருந்துயரம் இருக்கிறது. 2012-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபிரேமிங்ஹாம் நகரிலிருந்த நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர், முதுகுவலிக்குத் தண்டுவடத்தருகே போடும் ஸ்டீராய்டு ஊசியைக் கலந்து பல மாநிலங்களுக்கு அனுப்பியது. குப்பிகளில் பூஞ்சை இருந்தது. 20 மாநிலங்களில் 753 பேருக்கு மூளைக்காய்ச்சல் உள்ளிட்ட தொற்றுகள் வந்தன. அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 64 பேர் இறந்தார்கள். உரிமையாளர் சிறைக்குப் போனார். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் 503பி-யைச் சட்டமாக்கியது. கலவை மருந்து என்றதும் அமெரிக்க மருத்துவர்களில் பலர் இன்றும் கொஞ்சம் தயங்குவது இந்த நினைவால்தான். அது வெறும் தொழில் பொறாமை அல்ல.

ஒப்புதல் பெற்ற ஒரு மருந்தை அப்படியே நகலெடுத்து விற்க இரண்டு பிரிவுமே அனுமதிப்பதில்லை. விலக்கு ஒன்று உண்டு. அந்த மருந்து எஃப்.டி.ஏ.வின் தட்டுப்பாட்டுப் பட்டியலில் இருந்தால் அதை நகல் என்று கருத வேண்டியதில்லை. 2022-இல் செமாக்ளூடைட் பட்டியலில் ஏறியது, அவ்வாண்டு டிசம்பரில் டிர்ஸெபடைடும் ஏறியது. வயது வந்தோரில் பத்துக்கு நான்கு பேர் உடற்பருமனோடு வாழும் நாட்டில், ஆலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. வெகோவியின் பட்டியல் விலை அப்போது மாதத்துக்கு 1,349 டாலராக இருந்தது. முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், எடைக்குறைப்பு மருந்துக்குப் பணம் தரச் சட்டமே இடம் தரவில்லை. தனியார் காப்பீடுகளும் பெரும்பாலும் கைவிரித்தன. கலவைக் குப்பியோ அதில் நான்கில் ஒரு பங்கு, ஐந்தில் ஒரு பங்கு விலைக்குக் கிடைத்தது. வீட்டிலிருந்தபடி ஒரு படிவத்தை நிரப்பினால் டெலிமெடிசின் நிறுவனத்தின் மருத்துவர் சீட்டு எழுதுவார், குப்பி வாசலுக்கு வரும். அழகு நிலையங்களும் மெடிக்கல் ஸ்பாக்களும்கூட இந்த வியாபாரத்தில் இறங்கின. வாங்கியவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. நல்ல மருந்து இருக்கிறது, ஆனால் அது தனக்கு எட்டாது என்ற நிலையில் யாரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள்.

சிரிஞ்சின் கணக்கு

பேனா ஊசிக்கும் குப்பிக்கும் உள்ள வேறுபாடு பார்வைக்குச் சின்னது. வெகோவியின் அமெரிக்கப் பேனாவில் ஒரே ஒரு வேளைக்கான மருந்துதான் இருக்கும். தோலில் வைத்து அழுத்தினால் முடிந்தது, எண்ணுவதற்கு அதில் ஒன்றுமில்லை. கலவைக் குப்பியில் பல வேளைக்கான மருந்து இருக்கும். எவ்வளவு எடுப்பது என்பதை, இன்சுலினுக்காகச் செய்த சிரிஞ்சில் கோடு பார்த்து நோயாளி தானே முடிவு செய்ய வேண்டும்.

இங்கே மூன்று அளவைகள் மோதுகின்றன. மருத்துவர் எழுதுவது மில்லிகிராம், குப்பியில் இருப்பது மில்லிலிட்டர், சிரிஞ்சில் கோடு போட்டிருப்பது யூனிட். யூனிட் என்பது இன்சுலினின் வீரியத்துக்கான அளவு. செமாக்ளூடைடுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கோடுகளை வெறும் கன அளவாகத்தான் கொள்ள வேண்டும்: 100 யூனிட் என்றால் ஒரு மில்லிலிட்டர். குப்பியின் செறிவு மில்லிலிட்டருக்கு 5 மில்லிகிராம் என்றால், ஆரம்ப அளவான 0.25 மில்லிகிராம் 0.05 மில்லிலிட்டர் ஆகும். சிரிஞ்சில் அது ஐந்து யூனிட் கோடு. குப்பி 2.5 மில்லிகிராம் செறிவுடையது என்றால் அதே அளவுக்குப் பத்து யூனிட் கோடு. 10 மில்லிகிராம் என்றால் இரண்டரை யூனிட், அதாவது கண்ணாடி போட்டுப் பார்த்தாலும் பிடிபடாத இடம். வெவ்வேறு மருந்தகங்கள் வெவ்வேறு செறிவில் அனுப்பின. ஒரே மருந்தகம் அடுத்த மாதம் செறிவை மாற்றி அனுப்பினால், போன மாதக் கணக்கு இந்த மாதம் செல்லாது.

ஒரு மில்லிலிட்டர் சிரிஞ்சில் ஐந்து யூனிட் என்பது அடியோடு ஒட்டிய ஒரு துளி. முதன்முறை ஊசி போடுபவருக்கு ‘இவ்வளவுதானா?’ என்ற சந்தேகம் வருவது இயல்பு. ஐந்தை ஐம்பதாக எடுத்துப் பாதி சிரிஞ்சை நிரப்பினால் உள்ளே போவது 2.5 மில்லிகிராம். நான்கு மாதம் பழகியபின் தொட வேண்டிய உச்ச அளவைவிட அதிகம், முதல் நாளே.

இது கற்பனைக் கணக்கு அல்ல. 2024 ஜூலையில் எஃப்.டி.ஏ. வெளியிட்ட எச்சரிக்கையின்படி, நோயாளிகள் தவறாக அளந்து, உத்தேசித்ததைப் போல 5 முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்ட சம்பவங்கள் பதிவாகியிருந்தன. ஐந்து யூனிட்டுக்கு ஐம்பது எடுத்தவர்கள் அதில் உண்டு. ஒருவர், டெலிமெடிசின் நிறுவனத்திடமிருந்து அளவு பற்றித் தெளிவான பதில் கிடைக்காமல், இணையத்தில் தேடிப் பார்த்து ஐந்து மடங்கு போட்டுக்கொண்டிருக்கிறார். நோயாளிகள் மட்டும் தடுமாறவில்லை. ஒரு மருத்துவர் 2 யூனிட்டுக்குப் பதில் 20 என்று எழுதி, மூன்று பேர் வாந்தியில் தவித்தார்கள். தானும் அந்த மருந்தைப் போட்டுக்கொண்டிருந்த இன்னொரு மருத்துவர், தன் அளவைத் தானே கணக்கிட்டுப் பத்து மடங்கு ஏற்றிக்கொண்டார். படித்துத் தொழில் செய்பவருக்கே ஒரு பூஜ்யம் தவறுகிறது என்றால் கோளாறு ஆளிடம் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது. இதற்கு முன்பே, 2023-இல், யூட்டா மாநில நச்சுக் கட்டுப்பாட்டு மையத்தின் மருந்தாளுநர்கள் இதேபோன்ற மூன்று அளவுத் தவறுகளை மருந்தியல் இதழில் பதிவு செய்திருந்தார்கள். இருவருக்கு மருந்து வந்தது கலவை மருந்தகத்திலிருந்து, ஒருவருக்கு அழகு ஸ்பாவிலிருந்து.

அளவு மிஞ்சினால் முறிவு மருந்து கிடையாது. வாந்தியும் வயிற்றுவலியும் நாள்கணக்கில் நீடிக்கலாம். தண்ணீர்கூட வயிற்றில் தங்காமல் மயக்கம் வரை போகலாம். ரத்தச் சர்க்கரை இறங்கவும் வாய்ப்புண்டு. ஏற்கெனவே இன்சுலினோ கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவருக்கு அந்த ஆபத்து கூடுதல். செய்யக்கூடியது நரம்பு வழியே திரவம் ஏற்றுவதும், சர்க்கரையை அடிக்கடி பார்ப்பதும், மருந்து உடம்பிலிருந்து கழியும்வரை காத்திருப்பதும்தான். அரை ஆயுள் ஒரு வாரம் என்பதால் ஒரு நாள் பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது.

கம்பவுண்டர் ஒட்டிய காகிதக் கோடு மருந்தின் அளவை நோயாளியின் கண் முன்னால் வைத்தது. தவிர்க்க முடியாமல் குப்பி மருந்தை நாடுபவருக்கு இன்றும் அதற்கு நிகரான ஒரு வழி இருக்கிறது. சீட்டிலும் குப்பியிலும் மில்லிகிராம், மில்லிலிட்டர், யூனிட் மூன்றையும் எழுதித் தரச் சொல்வது, மருந்தாளுநரை அழைத்து எந்தச் சிரிஞ்சில் எந்தக் கோடு என்று காட்டச் சொல்வது, அந்த அளவுக்கு ஏற்ற சின்னச் சிரிஞ்சைக் கேட்டு வாங்குவது. அரை மில்லிலிட்டர் சிரிஞ்சிலோ 0.3 மில்லிலிட்டர் சிரிஞ்சிலோ ஐந்து யூனிட் தெளிவாகத் தெரியும். ஐம்பது யூனிட்டைத் தவறிப்போய் எடுப்பதும் கடினம்.

குப்பிக்குள் என்ன இருக்கிறது?

நோவோ நார்டிஸ்க் தன் செமாக்ளூடைடை எந்தக் கலவை மருந்தகத்துக்கும் விற்பதில்லை. அந்நிறுவனம் சங்கிலியின் அடிப்படையை ஈஸ்டில் வளர்த்தெடுத்து, பிறகு வேதியியல் முறையில் மாற்றுகிறது. கலவை மருந்தகங்கள் வாங்கும் தூள் பெரும்பாலும் சீனா உள்ளிட்ட வெளிநாட்டு ஆலைகளில் முழுக்க வேதிச் சேர்க்கையாகத் தயாராவது. முறை மாறினால் கூடவே வரும் கசடுகளும் மாறும். ஒரு அமினோ அமிலம் விடுபட்ட சங்கிலி, இடம் மாறிக் கோத்த சங்கிலி என்று நுணுக்கமான வேறுபாடுகள் பெப்டைடுகளில் சகஜம். உடம்பு அவற்றை அந்நியப் பொருளாகக் கண்டு எதிர்ப்புக் காட்டக்கூடும் என்பதுதான் கவலை.

இன்னொரு வழுக்கல் உப்பு வடிவம். சில மருந்தகங்கள் செமாக்ளூடைட் சோடியம், செமாக்ளூடைட் அசிடேட் என்ற உப்புகளை வாங்கிக் கலந்தன. ஒப்புதல் பெற்ற மருந்தில் இருப்பது உப்பு அல்ல, மூல வடிவம். இந்த உப்புகளைக் கலவையில் பயன்படுத்தச் சட்டப்படி எந்த அடிப்படையும் தமக்குத் தெரியவில்லை என்று எஃப்.டி.ஏ. வெளிப்படையாகவே எழுதியது. விளம்பரத்தில் மட்டும் ‘வெகோவியில் இருக்கும் அதே மருந்து’ என்ற வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பரில் எஃப்.டி.ஏ. டெலிமெடிசின் நிறுவனங்களுக்கு வரிசையாக எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியபோது ஆட்சேபித்ததும் இந்த வகை வாசகங்களைத்தான்.

செமாக்ளூடைடோடு வைட்டமின் பி12, பி6, எல்-கார்னிடைன், கிளைசின் என்று எதையாவது சேர்ப்பது இன்னொரு வழக்கம். குமட்டல் குறையும், சோர்வு போகும் என்று சொல்லப்படுகிறது. ஒரே குப்பியில் இவை சேரும்போது செமாக்ளூடைட் நிலையாக இருக்கிறதா, ஒன்றின் வேலையை மற்றது கெடுக்கிறதா என்பதற்கு வெகோவிக்கு நடந்ததுபோன்ற பெரிய ஆய்வு எதுவும் இல்லை. நகல் என்ற குற்றச்சாட்டிலிருந்து தப்ப பி12 ஒரு வசதியான துணை என்பதே, மருத்துவக் காரணத்தைவிட, இந்தச் சேர்க்கைக்கு நல்ல விளக்கமாகப் படுகிறது.

சூடும் ஒரு எதிரி. திறக்காத செமாக்ளூடைடை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். கூரியரில் வந்த பெட்டியில் ஐஸ் பேக் உருகி, குப்பி வெதுவெதுப்பாகக் கிடைத்ததாக எஃப்.டி.ஏ.வுக்குப் புகார்கள் போயின. அப்படி வந்ததை ஃப்ரிட்ஜில் வைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணுவது தவறு, கெட்டுப்போன புரதம் குளிர்ந்தால் திரும்பாது. கலங்கியோ நிறம் மாறியோ துகள் மிதந்தோ இருந்தால் குப்பைக்குப் போகட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான், விலை எதுவானாலும்.

2025 ஜூலை இறுதி வரை கலவை செமாக்ளூடைட் தொடர்பாக 605 புகார்களும் கலவை டிர்ஸெபடைட் தொடர்பாக 545 புகார்களும் எஃப்.டி.ஏ.வுக்கு வந்திருந்தன. இந்த எண்களைப் பார்த்துப் பதறவும் கூடாது, நிம்மதி அடையவும் கூடாது. புகார் வந்ததாலேயே மருந்துதான் காரணம் என்று ஆகிவிடாது. அதே சமயம் 503ஏ மருந்தகங்களுக்குப் புகார் அனுப்பும் கடமையே இல்லாததால், உண்மையில் நடந்ததன் ஒரு கீற்றுதான் இது.

கலவைக்கும் கீழே

உரிமம் பெற்ற மருந்தகத்தின் குப்பி ஒரு படி என்றால், அதற்குக் கீழே இன்னும் பல படிகள் உண்டு. ‘ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதர் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று எழுதி இணையத்தில் விற்கும் தூள்கள் அவற்றில் முக்கியமானவை. சீட்டு தேவையில்லை, கேள்வி கிடையாது. வாங்குபவரே கிருமியற்ற நீர் ஊற்றிக் கரைத்துக்கொள்ள வேண்டும். ரெட்டாட்ரூடைட் போல இன்னும் ஒப்புதலே பெறாத, ஆய்வில் இருக்கும் மருந்துகளும் இங்கே கிடைக்கின்றன.

2024-இல் ஜாமா நெட்வொர்க் ஓப்பன் இதழில் வந்த ஆய்வு இதை நேராகவே சோதித்தது. ஹங்கேரியைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட ஆய்வாளர்கள், சீட்டில்லாமல் செமாக்ளூடைட் விற்ற தளங்களில் ஆறு முறை பணம் கட்டினார்கள். மூன்று பொட்டலம்தான் வந்தது. மற்ற மூன்றும் சுங்கத்தில் மாட்டியிருக்கிறது, இன்னும் பணம் கட்டுங்கள் என்று சொன்ன மோசடிகள். வந்த மூன்றிலும் தூய்மை 99 சதவீதம் என்று எழுதியிருக்க, அளந்தபோது 7 முதல் 14 சதவீதம்தான் தேறியது. அளவோ எழுதியதைவிட 29 முதல் 39 சதவீதம் கூடுதல். பாக்டீரியாவின் எச்சமான எண்டோடாக்சினும் இருந்தது. தரம் குறைவு, வீரியம் அதிகம் என்ற விசித்திரமான சேர்க்கை!

போலிகள் வேறு ரகம். இவை கலவை மருந்தே அல்ல, அசல் பேனாவைப் போல அச்சடித்த பெட்டிகள். 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவில் போலி ஓஸெம்பிக் போட்டுக்கொண்ட சிலர் சர்க்கரை அபாயகரமாக இறங்கி, வலிப்போடு மருத்துவமனையில் சேர்ந்தார்கள். பேனாவில் இருந்தது இன்சுலின் என்றே சந்தேகிக்கப்பட்டது. அதே மாதம் பிரேசிலிலும் பிரிட்டனிலும், டிசம்பரில் அமெரிக்காவிலும் போலிகள் பிடிபட்டன. உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் உலகளாவிய எச்சரிக்கை விடுத்தது. கலவைக் குப்பிக்கும் போலி உண்டு. இல்லாத மருந்தகத்தின் பெயரிலும், இருக்கும் மருந்தகம் தயாரிக்காத மருந்துக்கு அதன் பெயரைப் போட்டும் சீட்டு ஒட்டியதை எஃப்.டி.ஏ. கண்டிருக்கிறது. குப்பியில் உள்ள மருந்தகத்தின் உரிமத்தை மாநில மருந்தக வாரியத்தின் தளத்தில் சரிபார்ப்பதோடு, அந்த மருந்தகத்துக்கே தொலைபேசியில் பேசி ‘இது நீங்கள் அனுப்பியதுதானா’ என்று கேட்பதும் அதனால் அவசியமாகிறது.

தட்டுப்பாடு தீர்ந்த பிறகு

டிர்ஸெபடைட் தட்டுப்பாடு தீர்ந்துவிட்டதென்று எஃப்.டி.ஏ. 2024 அக்டோபரில் அறிவித்தது. கலவை நிலையங்களின் சங்கம் டெக்சாஸ் நீதிமன்றத்துக்குப் போனது. எஃப்.டி.ஏ. மறுபடி பரிசீலித்து, டிசம்பரில் அதே முடிவை உறுதி செய்தது. 2025 பிப்ரவரியில் செமாக்ளூடைடும் பட்டியலிலிருந்து இறங்கியது. கையிருப்பை முடிக்க அவகாசம் தரப்பட்டது. செமாக்ளூடைடைக் கலக்க மருந்தகங்களுக்கு ஏப்ரல் 22, மொத்த நிலையங்களுக்கு மே 22 கெடு. கெடுவோடு வியாபாரம் நின்றுவிடவில்லை. ‘இந்த நோயாளிக்கு இந்தத் தனி அளவு தேவை’, ‘இவருக்கு பி12 சேர்த்தால்தான் ஒத்துக்கொள்கிறது’ என்ற சீட்டுகளோடு அது தொடர்ந்தது. தனி நோயாளிக்கான உண்மையான தேவையும் இதில் இருக்கும். ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே அச்சில் எழுதிய தனித்தேவையும் இருக்கும்.

ஆஸ்திரேலியா இவ்வளவு சுற்றவில்லை. 2024 அக்டோபர் 1 முதல் இந்த வகை மருந்துகளை மருந்தகங்கள் கலப்பதையே அரசு நிறுத்திவிட்டது. பிரிட்டனில் 2025 பிப்ரவரியில் வந்த புதிய வழிகாட்டுதல், இணைய மருந்தகம் வெறும் படிவத்தை நம்பி எடைக்குறைப்பு ஊசி தரக்கூடாது, எடையையும் உயரத்தையும் தானே சரிபார்க்க வேண்டும் என்கிறது. தடையால் மட்டும் தீர்வு வராது என்பதையும் சொல்ல வேண்டும். கலவைக் கதவை மூடிவிட்டு விலையை அப்படியே விட்டால், ஜனங்கள் ஆராய்ச்சித் தூளுக்குத்தான் போவார்கள். அமெரிக்காவில் நிலைமையைக் கொஞ்சம் மாற்றியது விலைக் குறைப்புதான். காப்பீடு இல்லாமல் ரொக்கமாக வாங்குபவர்களுக்கு வெகோவியின் மாத விலை 2025 மார்ச்சில் 499 டாலராகவும், நவம்பரில் 349 டாலராகவும் இறங்கியது. எலி லில்லியும் ஸெப்பவுண்டை ஒரு வேளைக் குப்பிகளாகக் குறைந்த விலைக்கு நேரடியாக விற்கத் தொடங்கியது.

இந்தியாவின் கதை வேறு. மௌஞ்சாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இங்கே வந்தன. செமாக்ளூடைடின் இந்தியக் காப்புரிமைக்கு 2026 மார்ச்தான் கடைசி. அதன்பின் இந்திய நிறுவனங்களின் செமாக்ளூடைட் சந்தைக்கு வர வழி திறக்கிறது. இவற்றை ஜெனரிக் என்பார்கள், கலவை மருந்து என்று குழப்பிக்கொள்ளக் கூடாது. ஜெனரிக்குக்கு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதியும், தொகுதி எண்ணும், காலாவதித் தேதியும், பொறுப்பேற்கும் தயாரிப்பாளரும் உண்டு. பெயரும் எண்ணும் இல்லாமல், ஜிம்மிலோ அழகு நிலையத்திலோ, வாட்ஸ்அப் குழுவிலோ கைமாறும் குப்பி இதில் எந்தக் கணக்கிலும் சேராது.

சிரிஞ்சில் நம் ஊருக்கென்று கூடுதலாக ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்காவில் இன்சுலின் சிரிஞ்ச் என்றால் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 100 யூனிட் வகைதான். இந்தியாவில் 40 யூனிட் இன்சுலினும் பரவலாகப் புழங்குவதால், மெடிக்கல் ஷாப்பில் இரண்டு வகைச் சிரிஞ்சும் கிடைக்கும். சிவப்பு மூடி 40, ஆரஞ்சு மூடி 100. ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் பத்து யூனிட் கோடு 0.1 மில்லிலிட்டர். அதே பத்து யூனிட் கோடு சிவப்பு மூடியில் 0.25 மில்லிலிட்டர், இரண்டரை மடங்கு. அமெரிக்க வீடியோவைப் பார்த்து ‘பத்து யூனிட்’ என்று மனப்பாடம் செய்துகொண்டு, வீட்டில் அப்பாவின் இன்சுலினுக்கு வாங்கி வைத்த சிவப்பு மூடிச் சிரிஞ்சை எடுத்தால் கணக்கு அங்கேயே தவறிவிடும். மௌஞ்சாரோ இங்கே முதலில் வந்தது அரை மில்லிலிட்டர் கொண்ட ஒரு வேளைக் குப்பியாக. அந்த அரை மில்லிலிட்டரை எடுத்துப் போட்டால் அளவு சரியாகிவிடும், யூனிட் எண்ண வேண்டியதில்லை. மிச்சம் வைத்து இரண்டாகப் பங்கிட்டுச் சிக்கனம் பிடிக்க நினைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். ஒருமுறை திறந்த ஒரு வேளைக் குப்பியை மறுவாரத்துக்கு எடுத்து வைப்பது கிருமிக்கும் இடம் கொடுப்பதாகும்.

அளவு தவறிவிட்டதென்று தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும், குப்பியையும் சிரிஞ்சையும் கையோடு எடுத்துக்கொண்டு. எத்தனை மில்லிகிராம் உள்ளே போனது என்பதை மருத்துவர் கணக்கிட அந்த இரண்டும் வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கோ எண்டோஸ்கோப்பிக்கோ போகிறவர்கள் இந்த ஊசி போட்டுக்கொள்வதை மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பட்டினி இருந்தாலும் இரைப்பையில் உணவு தங்கியிருந்து, மயக்கத்தில் நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் இருப்பதால், அமெரிக்க மயக்க மருத்துவர்கள் சங்கம் 2023-லேயே இதற்கென வழிகாட்டுதல் தந்தது. யாரிடமும் சொல்லாமல் ஆன்லைனில் வாங்கிப் போட்டுக்கொள்பவர்களின் மருத்துவக் குறிப்பில் இந்த மருந்து இருக்காது என்பதால், அந்தத் தகவல் அவர்கள் வாயிலிருந்துதான் வர வேண்டும்.